தூக்குவாளியில் வெட்டியிருந்த பெயர்

நடந்ததைச் சொல்லுமுன், அது நடப்பதற்கு முன்பு என் நிலை இன்னதென்று சொல்லிவிடுவது முறை. நான் தாசில்தாராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் தங்கி பி.ஏ. படித்து, வருவாய்த் துறையில் எழுத்தராக நுழைந்து, எவருடைய சிபாரிசுக் கடிதமும் இல்லாமல் படிப்படியாக மேலே வந்தவன். என் பணிக்காலம் முழுவதிலும் என் மீது ஒரு விளக்கம் கோரும் குறிப்பாணைகூட வந்ததில்லை. ஜமாபந்தியில் நான் வைத்த கணக்கை எந்த அதிகாரியும் திருப்பி அனுப்பியதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சங்கரன்கோவில் கடைத்தெருவில் நான் நடந்தால், உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் பாதி எழுந்து பிறகு உட்காருவார்கள். ஆடித்தபசுக் கூட்டத்தில் போலீஸ்காரர் எனக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடிப்பார்.

இவற்றைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் கை போகிறது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையைக் காத்துக்கொள்ளவே பின்னால் அந்தக் காரியத்தைச் செய்தேன். ஆகையால் அதன் அளவு வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில், ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் சிலர் சேர்ந்து ஊருக்கு வெளியே, திருநெல்வேலி சாலையில், ஒரு கரிசல் நிலத்தை வாங்கி மனைகளாகப் பிரித்தோம். இருபத்து மூன்று வீடுகள் எழும்பின. எங்களில் பெரும்பாலோர் அதுவரை ஊருக்குள் வாடகை வீட்டில் இருந்தவர்கள். இரண்டு பக்கமும் விசைத்தறி. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் தட்டல் சுவர் வழியே வந்து, குடத்துத் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடும். செய்தித்தாள் வாசிக்க முடியாது. பேசினால் கத்திப் பேச வேண்டும். மிச்சமிருக்கும் காலத்தையாவது அமைதியாகக் கழிக்க வேண்டும் என்பதே எங்கள் குடியிருப்பின் நோக்கம்.

சங்கத்துக்கு நான் செயலாளர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். விதிகளை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். இருபத்தாறு விதிகள் எழுதினேன். அவற்றுள் பதினொன்றாம் விதியை நான் எழுதியவற்றிலேயே செம்மையானது என்று பல நாள் கருதியிருந்தேன். அது இப்படி இருந்தது: "குடியிருப்பின் எந்த வீட்டிலும் ஊதியம் கருதிய தொழிலோ வியாபாரமோ எவ்வடிவிலும் நடத்தலாகாது. விளம்பரப் பலகை, வாடிக்கையாளர் வருகை, இயந்திர ஓசை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்படினும் அது தொழில் நடப்பதற்குரிய சான்றாகக் கொள்ளப்படும்." பன்னிரண்டாம் விதி அதற்கு ஒரு விலக்கு: கல்வி புகட்டுதல் தொழில் ஆகாது. அந்த விலக்கை ஏன் சேர்த்தேன் என்பது வெளிப்படை. தலைவர் தம் வீட்டில் மாணவர்களுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் வீட்டை ஒட்டிய மூலை மனை ஒரு டவாலியுடையது. தோளில் சிவப்புப் பட்டையும் அதில் பித்தளை வில்லையுமாக, பதினோரு ஆண்டுகள் எனக்கு முன்னால் நடந்தவர் அவர். நான் கையெழுத்திட்ட காகிதத்தின் ஈரத்தை ஒற்றியெடுத்தவர். அவரை இந்தக் குடியிருப்பில் சேரச் சொன்னதே நான்தான். அதிகாரிகளுக்கு நடுவில் ஒரு கடைநிலை ஊழியரா என்று இரண்டொருவர் முணுமுணுத்தபோது, ஓய்வூதியம் பெறும் எவரும் உறுப்பினராகலாம் என்ற முதல் விதியைக் காட்டி அவர்களை உட்கார வைத்தேன். வீடு குடிவந்து இரண்டாம் ஆண்டு அவர் மாரடைப்பில் இறந்தார். மனைவி மட்டும் அந்த வீட்டில் தங்கினார். பிள்ளைகள் இல்லை. கணவர் பேரில் வர வேண்டிய குடும்ப ஓய்வூதியக் காகிதம் அலுவலகம் அலுவலகமாக நகர்ந்துகொண்டிருந்தது. வந்தாலும் அது ஒருவர் சாப்பிடப் போதுமானதன்று.

ஒரு நாள் காலை அந்த அம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஐயா, கையில கெடந்த வளையலக் குடுத்து ஒரு மாவாட்டுத மிசின் வாங்கலாம்னு இருக்கேன். நம்ம காலனி வீடுகளுக்கு ஆட்டிக் குடுத்தா என் சாப்பாட்டுக்கு ஆயிரும். ஐயா ஒரு வார்த்த சொன்னா வாங்கிருவேன்" என்றார்.

வீடுகளில் மின்சாரக் கிரைண்டர் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் குடியிருப்பில் ஒருவரிடமும் இல்லை. நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "போர்டு கீர்டு எதுவும் மாட்டாதம்மா" என்றேன். எழுத்தில் எதையும் கொடுக்காமல் காரியத்தை நடக்க விடுவது அலுவலகத்தில் பழகிய வித்தை. நாளை கேள்வி வந்தால் நான் அனுமதித்ததாக யாரும் நிறுவ முடியாது. அந்த அம்மாள் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு, கையைக் குவித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டின் பின்பக்கம் ஓட்டுச் சார்ப்பு ஒன்று இறக்கி மிசினை வைத்தார். முதலில் ஆறேழு வீடுகள். பிறகு சாலைக்கு அந்தப் பக்கம் குடியேறியிருந்த தறிக்காரர் வீடுகளிலிருந்தும் வரத் தொடங்கினார்கள். பகலெல்லாம் தறிக்கு நூல் தார் சுற்றும் பெண்களுக்கு ஆட்டுரலில் உட்கார நேரம் ஏது? அரிசி ஊறிய தூக்குவாளி ஒரு கையில், உளுந்துச் சட்டி மறு கையில், எங்கள் வாசல் வழியே அவர்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன்.

அப்படியே இருந்திருப்பேன். ஒரு பஸ் கண்டக்டர் கெடுத்தான்.

கருவூலத்துக்குப் போய்விட்டு, சலவை வேட்டியும் கக்கத்தில் குடையுமாகப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் நிறுத்தம் வந்ததும் அவன் விசிலை ஊதி, "மாவு மிசின் ஸ்டாப்பெல்லாம் எறங்கு!" என்றான்.

"பென்ஷனர் காலனின்னு சொல்லும்" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான், எறங்கும் பெரியவரே. நேரமானா மாவு புளிச்சிரப் போவுது!"

பஸ் முழுவதும் சிரித்தது. ஒரு காலத்தில் என் ஜீப்பைக் கண்டால் சாலையோரம் ஒதுங்கி நின்ற ஊர் அது. இறங்கி வீட்டுக்கு வரும் வரை காது சுட்டது. அந்த நிறுத்தத்துக்கு எங்கள் சங்கத்தின் பெயர்ப்பலகையை நட்டவன் நான். பலகை நின்றது, பெயர் போய்விட்டது.

அந்த வாரமே தலைவரிடமிருந்து எழுத்து மூலமாகப் புகார் வந்தது. பக்கத்து வீட்டு இயந்திர ஓசையால் தம் மாணவர்களுக்குப் பாடம் காதில் விழவில்லை என்றும், பதினொன்றாம் விதிப்படி நடவடிக்கை வேண்டும் என்றும் எழுதியிருந்தார். வேறு நேரமாயிருந்தால் அதைக் கோப்பில் வைத்துக் கட்டியிருப்பேன். மறுநாளே செயற்குழுவைக் கூட்டினேன்.

குழுவில் மூன்று பேர்: தலைவர், நான், ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். வாயில் எப்போதும் வெற்றிலை. எதையும் வேடிக்கையாகப் பேசும் மனிதர்.

"இதுக்கெல்லாமா கூட்டம் போடுதது அண்ணாச்சி? மாவாட்டுனா ஆட்டிட்டுப் போகட்டும். நம்ம வீட்டுப் பொம்பளைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்குதுல்லா" என்றார் அவர்.

"அவரவர் வீட்டு வேலையை அவரவர் வீட்டில் செய்துகொள்ளலாம். என் வீட்டில் இன்றைக்கும் ஆட்டுரல்தான். கல்லில் ஆட்டின மாவுக்கு இருக்கிற பதம் எந்த மிசினுக்கும் வராது" என்று நான் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. முந்தின வாரம் என் வீட்டில் இட்லி சாப்பிட்ட தலைவரையே சாட்சிக்கு அழைத்தேன். அவர் தலையை ஆட்டினார். நேரில் போய்ப் பார்த்து மகஜர் தயாரித்து, ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் வைப்பது என்று முடிவாயிற்று.

மகஜர் என்றால், நேரில் கண்டதைக் கண்டபடி அந்த இடத்திலேயே எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடும் பத்திரம். வாழ்நாளில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆகவே நடக்கும்போதே மற்ற இருவருக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். "சில பாத்திரங்கள் இருந்தன என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. ஒவ்வொன்றிலும் வெட்டியிருக்கும் பெயரை வாசித்து, வரிசை எண் போட்டு எழுத வேண்டும். அப்போதுதான் வாடிக்கையாளர் வருகை நிரூபணமாகும்."

அன்று சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு எல்லாரும் மாவு ஆட்டும் நாள் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான்.

அந்த அம்மாள் மிசினுக்குப் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து, சுற்றும் கல்லை ஒட்டி உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் சுவிட்சை அணைத்து, கையை வழித்துவிட்டு எழுந்தார்.

"வாங்கய்யா. உக்காருங்க. காப்பி போடுதேன்."

"நாங்க விருந்துக்கு வரலம்மா" என்றார் தலைவர்.

சார்ப்பின் சுவரோரமாகப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. குழாயடியில் குடம் நிற்பது போலத்தான். ஆள் நிற்க வேண்டியதில்லை. வந்த முறைப்படி பாத்திரம் நிற்கும். ஊறின அரிசி தெரியாமல் வாழையிலைத் துண்டால் மூடி, அதன்மேல் உளுந்துச் சட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்த கணமே என் கண் எண்ணிவிட்டது. பழக்க தோஷம். எட்டு.

எட்டாவது, கடைசியில், ஓர் உயரமான எவர்சில்வர் தூக்குவாளி. நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலக ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குக் கொடுத்தது அது. பாத்திரக் கடைக்காரர் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்: என் தலைப்பெழுத்து, பெயர், அதையடுத்து பி.ஏ., அதற்குக் கீழே தாசில்தார். எழுத்துகள் எங்களைப் பார்த்தபடி இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நொடி வரை எனக்குத் தெரியாது. என் வீட்டுப் பின்பக்கம் ஆட்டுரல் இருந்தது. சனிக்கிழமைகளில் அது உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது என்பதும் நினைவிருந்தது. கடைசியாக அதை எப்போது கேட்டேன் என்று அங்கே நின்றபடி யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

ரயில்வேக்காரர் ஒவ்வொரு பாத்திரமாகக் குனிந்து வாசிக்க, தலைவர் எழுதினார். பெயர்களை இங்கே நான் எழுதப் போவதில்லை.

"ஒண்ணு. இது நம்ம போஸ்ட் மாஸ்டர் வீட்டுது. ஆனா பேரு சம்பந்தி பேருல்லா வெட்டியிருக்கு! திருப்பிக் குடுக்காம அமுக்கிட்டாரு போல."

"வேடிக்கை வேண்டாம். பெயரை மட்டும் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"ரெண்டு, தறிக்காரர் வீடு. மூணு... அட, இது எங்க வீட்டுதுல்லா!" அவர் நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். "எழுதும் சார், எழுதும். இட்லி திங்கத் தெரியுதுல்லா, பேரு எழுதுனா மட்டும் கூசுதா? எம் பேருதான், நல்லாக் கொட்டை எழுத்துல எழுதும்."

எழுதினார்கள். நான்கு. ஐந்து. "எட்டாவது என் வீட்டுடையது" என்பது மூன்று சொற்கள். ரயில்வேக்காரர் அதைவிட அதிகமான சொற்களில் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்திருந்தார். அவருடைய மரியாதையில் ஒரு துரும்பும் குறையவில்லை. எனக்கு அந்த மூன்று சொற்கள் வரவில்லை.

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கண் போன இடத்தைப் பார்த்தார். ஆறாவது பாத்திரத்தின் பெயரை ரயில்வேக்காரர் வாசிக்கும்போது, அவர் நடந்து போய், எட்டாவது தூக்குவாளியை எடுத்து, எழுத்து வெட்டிய பக்கம் தம் சேலையை ஒட்டியிருக்கும்படி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இது எங்க வீட்டு அரிசிய்யா. நான் ஒருத்தி திங்கதுக்குப் போட்டது" என்று சொல்லி அடுப்படிக்குள் கொண்டு போனார்.

ஒருத்தி தின்பதற்கு அவ்வளவு அரிசி வேண்டாம் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

ரயில்வேக்காரர் ஏழாவதை வாசித்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். "அண்ணாச்சி, மொத்தம் ஏழா, எட்டா?"

"ஏழு" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "ஏழுன்னு எழுதும் சார். தாசில்தார் கண்ணுக்கு எதுவும் தப்புமா?"

மூவரும் கையெழுத்திட்டோம். மேற்கண்டவை உண்மை என்று வீட்டுக்காரரும் கையெழுத்திட வேண்டும் என்பது முறை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, அந்த அம்மாளும் தம் பெயரை எழுதினார். மாவு ஒட்டிய விரல் பட்டு, அந்த இடத்தில் காகிதம் வெளுத்து உலர்ந்தது. எனக்காகச் சொன்ன பொய்க்கு அவர் என் முன்னாலேயே கையெழுத்தும் போட்டார். நான் பேனாவை வாங்கி மூடினேன்.

அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில், அந்தத் தூக்குவாளி என் வீட்டுக்கு வந்தது. எட்டு மாதமாக என் வீட்டுப் பின்சுவருக்கு மேலாகக் கைமாறியிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அன்று மட்டும் அந்த அம்மாள் முன்வாசல் வழியே கொண்டுவந்தார். நான் நாற்காலியில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன்.

"அம்மா, ஆட்டிட்டேன். உப்புப் போடல, போட்டுக் கரச்சிருங்க" என்று என் மனைவியிடம் சொன்னார். "அடுத்த வாரம் சொவத்துப் பக்கம் வந்து காத்துக் கெடக்காதிய. இனி மிசின் ஓடுமான்னு தெரியல."

கூலி வாங்காமல் போய்விட்டார்.

என் மனைவி தூக்குவாளியோடு என் முன்னால் வந்து நின்றார். முப்பத்தைந்து ஆண்டுகளில் அப்படி வந்து நின்றதில்லை.

"தோள்ப்பட்டை தூக்க முடியல எனக்கு. பொங்கலுக்கு முன்னால இருந்தே. கல்லச் சுத்துனா உயிரு போகுது. நீங்க கேக்கவுமில்ல, நான் சொல்லவுமில்ல."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எப்பச் சொல்ல? வாரவுக போறவுக கிட்டல்லாம் எங்க வீட்ல கல்லுதான், கல்லுதான்னு சொல்லிட்டிருந்தியளே, அப்பமா?"

அவர் மேலும் ஒன்று சொன்னார்: "நாளைக்குக் கூட்டத்துல அந்தப் பொம்பள வயித்துல அடிச்சிராதிய. நீங்க எழுதுன விதிதான? நீங்களே ஒரு வரி சேத்து எழுதுனா யாரு என்ன சொல்லப் போறா?"

சரியாகத்தான் சொன்னார். சேர்க்க வேண்டிய வரி எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. "குடியிருப்பில் உள்ளோரின் வீட்டுத் தேவைக்காகச் செய்யப்படும் சிறு பணிகள் நீங்கலாக." அவ்வளவுதான். தலைவரின் டியூஷன் நேரத்தில் மட்டும் மிசின் ஓடக் கூடாது என்று இன்னொரு வரி. சார்ப்பில் கதவு ஒன்று போட்டால் ஓசையும் பாதியாகக் குறையும். இப்படி எத்தனையோ விலக்குகளை நான் பிறருக்காக எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு காலை இட்லி வந்தது. பஞ்சு போல இருந்தது. என் மனைவி பரிமாறிவிட்டு, "சாப்பிடுங்க. இதுவும் கல்லுல ஆட்டுனதுதான். அந்த மிசினுக்குள்ள கெடக்கதும் கல்லுதான்" என்றார். ஐந்து இட்லி சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தேன் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். ஆனால் சாப்பிட்டேன்.

பத்து மணிக்குப் பொதுக்குழு. சங்கக் கொட்டகையில் எல்லா வீட்டாரும் வந்திருந்தார்கள். தலைவர் மகஜரை வாசித்தார். ஏழு பாத்திரங்கள், ஏழு பெயர்கள். ஏழில் நான்கு எங்கள் குடியிருப்பு வீடுகளே. அந்த நான்கு வீட்டாரும் தரையைப் பார்த்தார்கள். ரயில்வேக்காரர் மட்டும் எழுந்தார்.

"பாடம் சொல்லிக் குடுத்துத் துட்டு வாங்குனா அது தொழில் இல்ல. மாவாட்டிக் குடுத்துத் துட்டு வாங்குனா அது தொழிலு. இது எந்த ஊரு நாயம் அண்ணாச்சி?"

நான் பதில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கல்வி தானத்தின் பாற்பட்டது, இயந்திரம் வணிகத்தின் பாற்பட்டது என்றேன். விதி ஆள் பார்த்து வளையக் கூடாது என்றேன். ஒருவருக்கு வளைத்தால் நாளை இங்கே நான்கு தறி இறங்கும் என்றேன். கொட்டகையில் பலர் தலையாட்டினார்கள். ஆள் பார்த்து வளையக் கூடாது என்ற சொற்களைச் சொன்னபோது என் குரல் தடுமாறியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. தடுமாறவில்லை.

கடைசியாகத் தலைவர், "அம்மா, நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் ஒருமுறை வாய் திறந்தால் போதும். தூக்குவாளி, பி.ஏ., போர்டு மாட்டாதே என்று நான் வாசலில் சொன்னது, எல்லாம் கொட்டகைக்கு வந்துவிடும்.

"ஐயா போட்ட விதி. ஐயாவுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அப்போது உண்டானது இரக்கமன்று, வெட்கமுமன்று. நிம்மதி. அந்த நிம்மதியைத்தான் இத்தனை ஆண்டுகளாக மறக்க முடியாமல் இருக்கிறேன். நடவடிக்கைப் புத்தகத்தை இழுத்து, "சம்பந்தப்பட்டவர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. எட்டு நாட்களுக்குள் இயந்திரத்தை அப்புறப்படுத்தத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன். என் கையெழுத்து அன்றும் அழகாகவே இருந்தது.

மிசினைப் புளியங்குடியிலிருந்து ஒருவர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு மூன்று மாதம் போல அந்த அம்மாள் அந்த வீட்டில் இருந்தார். பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, பனவடலிசத்திரத்தில் தம்பி வீட்டுக்குப் போனார். அங்கே அவர் புஞ்சையில் கூலிக்கு மிளகாய்ப் பழம் எடுக்கப் போவதாக ரயில்வேக்காரர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். கேட்காமலே சொன்னார். குடும்ப ஓய்வூதியக் காகிதத்துக்காக நான் கருவூலத்துக்கு நான்கு முறை நடந்தேன். அது வந்தது. அந்தக் காகிதத்தை அஞ்சலில் அனுப்பி வைத்தேன். நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். அந்த ஊர் பஸ் எங்கள் வாசலிலேயே நின்று போகிறது.

என் மனைவி மறுபடி ஆட்டுரலில் உட்கார்ந்தார். சனிக்கிழமைதோறும் அந்தச் சத்தம் கேட்டது. இப்போது எனக்கு நன்றாகக் கேட்டது. நடுநடுவே நிற்கும், தோளைப் பிடித்துக்கொள்கிறார் என்று தெரியும், பிறகு உருளும். சொந்தத் தேவைக்கு ஒரு கிரைண்டர் வாங்கிவிடுவோம், அதற்கு விதியில் தடையில்லை என்றேன்.

"வேண்டாம். கல்லுல ஆட்டுத வீடுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சுல்லா" என்றார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் குடியிருப்புக்குப் பத்து ஆண்டு நிறைவு விழா நடந்தது. அதற்குள் பாதி வீடுகளில் கிரைண்டர் வந்துவிட்டது. பதினொன்றாம் விதியையும் தளர்த்தியிருந்தார்கள்; ஒரு வீட்டில் தையல், ஒரு வீட்டில் தட்டச்சு. கூட்டுறவுத் துறையிலிருந்து வந்த புதிய தலைவர் என்னைப் பாராட்டிப் பேசினார். மிசினை எடுத்தபோது அவர் இங்கே குடிவரவில்லை. ஊரில் உலவிய பேச்சைத்தான் சொன்னார். "மாவு மிசின் விவகாரத்தில் வரிசையில் தம் வீட்டுப் பாத்திரமும் இருக்கக் கண்டு, அதையும் மகஜரில் சேர்த்து எழுதச் சொன்ன நேர்மையாளர் நம் செயலாளர். அந்த அம்மாளும் அவருடைய நேர்மையை மதித்து, தாமாகவே தொழிலை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனார்" என்றார்.

கை தட்டினார்கள். மகஜர் எழுதிய பழைய தலைவர் என் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அப்போது காது கேட்காது. எதிரே இரண்டாம் வரிசையில் ரயில்வேக்காரர் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டவில்லை. நான் எழுந்து திருத்துவேனா என்று பார்த்தார் போலும். எனக்குப் போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பின்னும் இரண்டு பேர் அதே கதையை என் முகத்துக்கு நேரே சொல்லிப் பாராட்டியிருக்கிறார்கள். இருமுறையும் தலையசைத்தேன்.

அவர்கள் சொல்வது தவறு. அந்த அம்மாள் தாமாக நிறுத்தவில்லை. தீர்மானத்தை எழுதி நிறுத்தியவன் நான். மகஜரில் என் வீட்டுப் பாத்திரம் இல்லை. ஏழு என்று எழுதச் சொன்னதும் நான். அன்று அந்தச் சுவரோரம் இருந்தவை எட்டு.